அசல் பாட்டில்

முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் கேண்டீனில் முட்டை பொரிக்கிற எண்ணெயை மாற்றச் சொல்லுங்கள். நான் உள்ளே வரும்போதே வாசலில் அந்த வாடை வந்தது. குறைந்தது நான்கு நாள் எண்ணெய். பழையதன் மேலேயே புது எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கிறார்கள். உங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு மாலையில் நெஞ்சு கரிக்கும். பாவம், வேலைப் பளு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதச் சொன்னீர்கள். அவசரமில்லை என்றும் சொன்னீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி. எழுதுகிறேன்.

இருபத்தேழு வருடம் எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். எங்கள் கூடத்தில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் சமையல் எண்ணெய், இன்னொரு பக்கம் பஸ்களுக்கு எரிபொருளாக்குகிற காட்டாமணக்கு எண்ணெய். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். காட்டாமணக்கு நஞ்சு. டீசலுக்குப் பதில் எரிக்கலாம், வாயில் வைக்கக்கூடாது. நான் சமையல் பக்கம். என்னை அங்கே எல்லோரும் 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். புட்டியைத் திறந்து ஒரு முறை முகர்ந்தால் போதும், கலப்படமா இல்லையா, எதைக் கலந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். பாட்டில் கழுவுகிறவர் ஒருவர் இருந்தார். கையெல்லாம் சோப்பு மணப்பதால் அவருக்கு 'சோப்பு' என்றே பெயர். "மூக்கு அக்கா பக்கத்துல நின்னா பொய் சொல்லவே பயமா இருக்கு. பொய்க்கும் வாசனை இருக்குமோ என்னவோ" என்பார். மில்காரர்கள் எனக்குப் பயப்பட்டார்கள். அதை நான் ரசிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அகச்சிவப்புக் கருவி வந்தது. கூடவே அதை ஓட்டத் தெரிந்த ஒரு பெண்ணும் வந்தாள். ஒல்லியாக, சுறுசுறுப்பாக, ஒரு இடத்தில் நிற்காமல் தத்தித் தத்தி நடப்பாள். அவள்தான் பின்னால் எனக்கு மருமகள் ஆனவள்.

கருவி என்ன செய்யும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீதியெல்லாம் அதில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை ஒரு சொட்டு எண்ணெய் வழியாக விடுவார்கள். ஒவ்வொரு எண்ணெயும் அந்த ஒளியில் தனக்குப் பிடித்த பகுதிகளைக் குடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். மிஞ்சிய ஒளி திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடாக விழும். சுத்தமான எண்ணெயின் கோட்டையும் வந்திருக்கிற எண்ணெயின் கோட்டையும் பக்கத்தில் வைத்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் போட்டுவிடும். தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போனால் நிராகரிப்பு.

எந்தச் சுத்தமான எண்ணெயோடு ஒப்பிடுகிறது என்பதுதான் முக்கியம். அதற்கு ஒரு பாட்டில் உண்டு. எங்கள் கண் முன்னால் விதையைப் பிழிந்து எடுத்து, முத்திரை வைத்த டின்னிலிருந்து நிரப்பியது. அதை 'அசல்' என்போம். தினமும் காலையில் முதல் வேலை, அசலிலிருந்து ஒரு சொட்டை வைத்து அன்றைய கோட்டைப் பதிவு செய்வது. புதுக் கோடு பதிவானதும் முந்தின நாள் கோடு அழிந்துவிடும். அன்று வருகிற எல்லா எண்ணெய்க்கும் அதுதான் அளவுகோல். அசல் பாட்டில் என் பொறுப்பில், என் அலமாரியில், என் சாவியில் இருந்தது. கருவி வந்த பிறகு எனக்கு மிஞ்சியது அந்தச் சாவி ஒன்றுதான்.

கருவி வந்த வாரம் மேனேஜர் விளையாட்டாக ஒரு போட்டி வைத்தார். மூக்கா மெஷினா என்று. ஐந்து பாட்டில். நான் நான்கைச் சரியாகச் சொன்னேன். அவள் ஐந்தையும் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள், சோப்பு உட்பட. அவள் என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள்: "மேடம், அந்த அஞ்சாவதுல கலந்திருந்தது நூத்துக்கு ரெண்டுதான். மனுஷ மூக்குக்கு அது எப்படித் தெரியும்? நீங்க நாலு கண்டுபிடிச்சதே பெரிய விஷயம்."

தோற்கடித்தவரை மறந்துவிடலாம். ஆறுதல் சொன்னவரை மறப்பது கஷ்டம்.

ஆனாலும் எனக்கு அவள் மேல் வெறுப்பு இல்லை. என் மகனுக்கு அவளைப் பார்த்ததே நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவன் கதவைத் திறந்தான். அவள் உள்ளே வரும்போது மிதியடி தடுக்கி, கையிலிருந்த பழக்கூடை கவிழ்ந்தது. இருவரும் குனிந்து ஆரஞ்சுகளைப் பொறுக்கினார்கள். பொறுக்கி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியும். மொத்தம் ஆறு பழம்தான்.

என் மகன் பஸ் பணிமனையில் மெக்கானிக். அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவன் அப்பா காலமாகிவிட்டார். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேர், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டுவான். "மூக்கு, இன்னைக்கு எந்த வண்டி? சொல்லு பாப்போம்" என்பான். நான் காலரை முகர்ந்துவிட்டு, "பழைய பச்சை வண்டி. கியர் பெட்டி ஒழுகுது" என்பேன். "உன்கிட்ட ஒண்ணும் மறைக்க முடியாதும்மா" என்று சிரிப்பான். பதினோரு வருடம், ஒரு நாள் விடாமல்.

கல்யாணம் முடிந்த மறு வாரம் சட்டையை அவளிடம் நீட்டினான். அவள் முகர்ந்துவிட்டு, "விமானமா?" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் "கப்பல்" என்றாள். அதற்கும் சிரித்தான். ஒரு நாள்கூட அவள் சரியாகச் சொன்னதில்லை. சொல்ல முயன்றதும் இல்லை. சரியாகச் சொன்ன பதினோரு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவன்தான் அவளுக்குக் 'குருவி' என்று பெயர் வைத்தான்.

அவள் என்னிடம் எந்தக் குறையும் வைக்கவில்லை. அதைத் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் எனக்கு டீ போட்டுத் தருவாள். வாய்க்கு வாய் அத்தை, அத்தை என்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு நாளும் அவன் பணிமனையிலிருந்து போன் செய்தான். அவள் போனுக்கு.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு இருபது நிமிடம் பேசினார்கள். அந்த இருபது நிமிடத்தில் என் பெயர் வரவில்லை.

போன வருடம் சமையல் எண்ணெய்ப் பிரிவுக்குத் தலைவர் பதவி காலியானது. மேனேஜர் அவள் பெயரை எழுதி அனுப்பியிருந்தார். சீனியர் நான். ஆனால் கருவியை ஓட்டத் தெரிந்தவர்தான் வேண்டும் என்றார்கள். நியாயம்தான். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சொல்ல வந்தது வேறு. அந்தப் பதவிக்கு ஒரு வீடு உண்டு. கூடத்துக்குப் பின்னால், இரண்டு அறை, சின்னத் தோட்டம்.

ஒரு மாலை சாப்பிடும்போது அவன் சொன்னான். "அம்மா, குருவிக்கு அந்த வேலை கிடைச்சா வீடும் கிடைக்குமாம். பணிமனைக்கு நடந்தே போயிடலாம். அடுத்த மாசமே மாறிடலாம்னு இருக்கோம்."

அவள் உடனே என் கையைப் பிடித்தாள். "நீங்களும் வரணும் அத்தை. உங்களை விட்டுட்டுப் போவோமா?"

"ரெண்டு ரூம்தானேம்மா" என்றேன்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் அத்தை."

"பாத்துக்கலாம்மா. நீ சாப்பிடு, ஆறிடப் போகுது."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நல்லவள், கூப்பிடுகிறாளே என்ற பெருமை அவன் கண்ணில் இருந்தது. என்னைக் கூப்பிட்டதில்கூட அவளுக்குத்தான் நல்ல பெயர்.

எனக்கு வேண்டியிருந்தது மிகச் சின்ன விஷயம். அவள் ஒரு முறை தவறு செய்ய வேண்டும். ஒரே முறை. நல்ல எண்ணெயைக் கெட்டது என்று சொல்லி, மில்காரன் வந்து சத்தம் போட்டு, பதவி ஒரு வருடம் தள்ளிப்போனால் போதும். ஒரு வருடத்தில் எத்தனையோ மாறும்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான்தான் முதலில் போனேன். எரிபொருள் பக்கத்திலிருந்து கொஞ்சம் காட்டாமணக்கு எண்ணெய் எடுத்தேன். அசல் பாட்டிலில் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் கலந்தேன். குத்துமதிப்பாக ஊற்றவில்லை, குழாயில் அளந்துதான். வேலையில் நான் எதையும் குத்துமதிப்பாகச் செய்ததில்லை. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, குமிழ் அடங்கும் வரை காத்திருந்து, வழக்கமான இடத்தில் வைத்தேன். ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். வழக்கம்போல ஒரு சொட்டு எடுத்து வைத்து அன்றைய கோட்டைப் பதிவு செய்தாள். அதற்குப் பிறகு அந்தக் கருவிக்குத் தெரிந்த சுத்தம் அதுதான்.

இதை நீங்கள் யோசித்துப் பார்த்தால் புரியும். அளவுகோலில் கலப்படம் இருந்தால், நல்ல எண்ணெய்தான் வித்தியாசமாகத் தெரியும்.

அந்த வாரம் மூன்று மில்களின் எண்ணெய் வந்தது. மூன்றும் எனக்குப் பல வருடமாகத் தெரிந்த, நேர்மையான மில்கள். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்து, மறுபடி தொண்ணூற்றாறு. மூன்றையும் அவள் நிராகரித்தாள். நிராகரிக்கும் முன் ஒவ்வொன்றையும் நான்கு முறை செய்து பார்த்தாள். சொட்டு வைக்கிற படிகத்தைத் துடைத்தாள், கருவியின் விளக்கைச் சோதித்தாள், அறையின் ஈரப்பதத்தைக்கூட எழுதி வைத்தாள். மூன்றாவது மில்காரர் நேரில் வந்து மேனேஜர் அறையில் கத்தினார். "முப்பது வருஷமா எண்ணெய் ஆட்டறேன். நேத்து முளைச்ச பொண்ணு என் எண்ணெயைக் கெட்டதுன்னு சொல்லுது. மூக்கு அம்மாவைக் கூப்பிடுங்க, அவங்க சொல்லட்டும்." நான் போகவில்லை. மருமகள் விஷயத்தில் மாமியார் தலையிட்டால் நன்றாக இருக்காது என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் அதை மெச்சினார்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் என் மேஜைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அத்தை, எங்க தப்புன்னே தெரியல. எல்லாத்தையும் பாத்துட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அசலை ஒரு தடவை புது டின்னோட ஒப்பிட்டுப் பாக்கலாமா?"

கெட்டிக்காரப் பெண். ஐந்தே நாளில் சரியான இடத்துக்கு வந்துவிட்டாள்.

நான் கோபப்படவில்லை. சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "இருபத்தேழு வருஷமா இது என் கையில இருக்கு. என் மேல சந்தேகம்னா தாராளமா எடுத்துப் பாரும்மா" என்றேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ அத்தை, நான் அப்படிச் சொல்லல. சத்தியமா உங்களைச் சொல்லல." சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அதற்குப் பிறகு அசலைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை. வேறு எந்த ஊழியராக இருந்தாலும் சாவியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவள் மருமகள். அதனால் போகவில்லை.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. அவளேதான் அழுதுகொண்டே அவனிடம் சொன்னாள். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. "அம்மா மேலயா சந்தேகப்பட்டே? என்ன குருவி நீ?" என்றான். எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். "விடும்மா, அவ டென்ஷன்ல பேசிட்டா" என்று என் தோளில் கை போட்டான். அன்று பொரித்த மீன். முள் எடுத்து அவன் தட்டில் வைத்தேன். சின்ன வயதில் செய்தது போல. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வந்த நாட்களில் அதுதான் எனக்கு நல்ல நாள்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். திங்கட்கிழமை அசலை மாற்றிவிடுவதாகத்தான் இருந்தேன். மாற்றவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை ஒரு புது வியாபாரியிடமிருந்து பதினெட்டு டின் சரக்குக்கு மாதிரியாக ஒரு பாட்டில் வந்தது. நூற்பாலை ஒன்றின் தொழிலாளர் விடுதிக்குப் போகிற எண்ணெய். சீட்டில் அப்படியே எழுதியிருந்தது. அவள் ஒரு சொட்டு வைத்தாள். தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. ஒரு வாரமாக மதிப்பெண் ஏறாமல் வாடிக்கிடந்தவள், சிறு பிள்ளை மாதிரி துள்ளிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அத்தை, மெஷின் சரியாத்தான் இருக்கு. பாருங்க, தொண்ணூத்தொன்பது. அந்த மூணு மில்லும்தான் தப்பு."

பாட்டிலை என்னிடம் நீட்டினாள். பழைய மரியாதைக்காக. "நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க."

நான் மூடியைத் திறந்து முகர்ந்தேன். வாடை நீக்கியிருந்தார்கள், நன்றாகவே நீக்கியிருந்தார்கள். ஆனாலும் அடியில் அது இருந்தது. பச்சைத் தோலும் ஈர மண்ணும் கலந்தாற்போன்ற ஒரு மெல்லிய கசப்பு. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்து வாடை. நூற்றுக்குப் பத்துக்கு மேலேயே இருக்கும்.

உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். கலக்க வேறு எண்ணெயா கிடைக்கவில்லை, காட்டாமணக்கை ஏன் எடுத்தாய் என்பீர்கள். எரிபொருள் எண்ணெயைத் திருடிச் சமையல் எண்ணெயில் சேர்க்கிறார்கள் என்று அந்த மாதங்களில் எங்களுக்கு இரண்டு எச்சரிக்கைச் சுற்றறிக்கை வந்திருந்தது. இரண்டிலும் படித்ததாக என் கையெழுத்து இருக்கிறது. ஆனாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"சரியாத்தான் இருக்கும்மா" என்றேன்.

அவள் சான்றிதழை எடுத்தாள். பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தாள். என் பேனாவைக் கொடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொல்லியிருந்தால் எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருப்பாள். மூக்கு சொல்வதும் மெஷின் சொல்வதும் இவ்வளவு மாறினால் அசலைத் திறந்துதான் ஆக வேண்டும். அவன் என் பக்கத்து நாற்காலிக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

அன்று மாலை நான்கரைக்கு அசல் பாட்டிலைக் காலி செய்து, நானே மூன்று முறை கழுவி, புது டின்னிலிருந்து சுத்தமான எண்ணெயை நிரப்பினேன். சோப்பு பார்த்துவிட்டு, "என் வேலையை நீங்க ஏன்க்கா செய்யறீங்க, என் சோத்துல மண்ணைப் போடவா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சான்றிதழ் போனது செவ்வாய். டின்கள் கிடங்கை விட்டுக் கிளம்பியது வெள்ளி. நடுவில் இரண்டு முழு நாள் இருந்தது. ஒரு போன் போதும், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு நாளில் வீட்டு ஜன்னல் திரைகளை எல்லாம் துவைத்தேன். வெகு நாளாகத் துவைக்காமல் கிடந்தன.

விடுதியில் நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அறுபத்து மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏழு பேர் திரும்பவில்லை. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். படங்கள் செய்தித்தாளில் வந்தன. அவற்றை நான் முழுவதும் படித்தேன். தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் இல்லை நான்.

விசாரணை வந்தபோது எங்கள் கூடத்தில் எடுத்து வைத்திருந்த மாதிரியை மறுபடி கருவியில் வைத்தார்கள். தொண்ணூற்றைந்து. அசல் பாட்டிலைச் சோதித்தார்கள். பரிசுத்தம். பழைய கோடுகள் அழிந்துவிட்டிருந்தன. மூன்று நல்ல மில்களை நிராகரித்தவள், ஒரு நஞ்சை மட்டும் தேடிப் பிடித்துத் தேற விட்டிருக்கிறாள். வியாபாரியிடம் கை நீட்டியிருக்கிறாள் என்பதைத் தவிர வேறு எப்படிப் புரிந்துகொள்வது? அப்படிப் பொருந்தும் என்று நான் திட்டம் போடவில்லை. அதுவாகப் பொருந்தியது.

நானும் சாட்சி சொன்னேன். "தங்கமான பொண்ணு. ஒரு சந்தேகம்னா என்கிட்ட வந்து கேக்காம இருக்க மாட்டா" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதேன். அது நடிப்பில்லை. அவளுக்கு எட்டு வருடம் போட்டார்கள். கூட்டிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்து, "அத்தை, அவரை நேரத்துக்குச் சாப்பிட வைங்க" என்றாள். போகிற போக்கில் எனக்கே வேலை சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு நாங்கள் இரண்டு பேர், ஒரு மேஜை, மூன்று நாற்காலி. மூன்றாவதை எடுத்து உள்ளே போட்டேன். அவன் மறுபடி கொண்டுவந்து போட்டான். துக்கம் தணிய நாளாகும் என்று காத்திருந்தேன். சட்டையைக் கழற்றித் துணிக்கூடையில் போடுவான். நானே எடுத்து முகர்ந்து, "இன்னைக்கு அந்த நீளமான வண்டிதானே?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஆமாம்மா" என்றான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மட்டும் அவன் வேறு ஆள். விடியும்போதே எழுந்து சவரம் செய்வான். நீலச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொள்வான். ஏழு மணி பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பயணம். பெண்கள் சிறையில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவள், இருபது நிமிடம். மாலையில் திரும்பி வரும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். கேட்காமலே சொல்வான்.

"அம்மா, குருவி இன்னைக்கு சிரிச்சா. அங்க எண்ணெய் எல்லாம் மோசமாம். கேட்டா நீ மெஷின் கொண்டு வந்திருக்கியான்னு கிண்டல் பண்றாங்களாம்."

"அப்படியா?"

"இளைச்சுட்டா. ஆனா இன்னும் அழகா இருக்காம்மா."

வாரத்தில் மீதி ஆறு நாளும் அவன் என்னோடுதான் இருந்தான். என் கையால் சாப்பிட்டான். என் கூரைக்குக் கீழே தூங்கினான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு நாளை ஒரு இருபது நிமிடம் தின்றுவிட்டது. கூடவே இருந்தபோது அவளை இப்படிப் பார்க்க அவனுக்கு நேரம் இருந்ததில்லை. இப்போது வாரம் முழுவதும் அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைக்கிறான். சாப்பிடும்போது பாதியில் நிறுத்தி, ஒரு துண்டுத் தாளில் எதையோ குறித்துக்கொள்வான். அடைத்து வைத்தால் தேய்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அடைத்து வைத்த பிறகுதான் வளர்ந்தாள்.

போன புதன்கிழமை அவன் சொன்னான். "அம்மா, அந்த ஊர் பணிமனைக்கே மாற்றல் கேட்டிருக்கேன். சிறைக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துட்டேன். வெளியில இருந்து அவ இருக்கற கட்டடம் தெரியும்."

"எட்டு வருஷமாப்பா?"

"எட்டோ பத்தோ, இருப்பேம்மா. நீயும் வேணும்னா வந்து இரு."

வேணும்னா என்றான். அவள்கூட 'வரணும்' என்றுதான் சொன்னாள்.

மறுநாள் காலை உங்கள் அலுவலகத்துக்குப் பஸ் பிடித்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. ஏழு பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள், எட்டாவதாக ஒருத்தி செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறாள். இதை இனியும் சுமந்துகொண்டு ஒரு தாய் எப்படி இருப்பாள்? அதனால்தான் வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

என் வார்த்தையை மட்டும் நம்பச் சொல்லவில்லை. எங்கள் வேலையில் எந்த மாதிரியையும் முழுவதும் கொட்டிவிடுவதில்லை, கொஞ்சம் எடுத்து வைப்போம். அன்று கழுவுவதற்கு முன் அசல் பாட்டிலிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் எடுத்து வைத்தேன். கூடத்தின் குளிர்பெட்டியில், கீழ்த்தட்டில், வலது மூலையில் இருக்கிறது. தேதி, கலந்த பொருள், கலந்த அளவு எல்லாம் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறேன். கருவியில் வைத்துப் பாருங்கள். அவளையே ஓட்டச் சொன்னாலும் சரி, அவள் கை சுத்தமான கை.

ஆக, அசலைக் கெடுத்தது நான். அந்த எண்ணெய் நஞ்சு என்று தெரிந்து தேற விட்டது நான். பேனா கொடுத்தது நான். இதில் என் மருமகளுக்குத் துளிப் பங்கும் இல்லை. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்களுக்கு இந்தப் பக்கத்தில் அந்த ஒரு சிறைதானே? என்னையும் அங்கேதான் வைப்பீர்கள். அவளைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போகட்டும், நன்றாகத் தூங்கட்டும். அவள் சிறையை விட்டு வெளியே வந்துவிட்டால் அவனுக்குச் சனிக்கிழமை காலியாகிவிடும். முதல் வாரம் கோபத்தில் வராமல் இருப்பான். இரண்டாவது வாரம் வருவான். என் பிள்ளையை எனக்குத் தெரியும். சவரம் செய்துகொண்டு, நீலச் சட்டை போட்டுக்கொண்டு, ஏழு மணி பஸ்ஸில் வருவான். வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இருபது நிமிடம், வேறு யாரையும் பார்க்க வழியில்லாமல், என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான்.